பொழுது சாய்வதற்குள் திரும்பியவர்கள்

தென்னாப்பிரிக்காவில் 14 மாதம் வேலை பார்த்திருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வால் ஆற்றங்கரையில் வாண்டர்பைல்பார்க் என்று ஓர் ஊர். உருக்காலைக்காகவே எழுப்பிய ஊர். நான் சேலத்துக்காரன், இரும்பாலைப் புகை எனக்குப் புதிதல்ல. அதனால் ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. பழகாமல் போனது கம்பெனி போட்டிருந்த ஒரு விதி மட்டும்தான்: மாலை 6 மணிக்கு மேல் டவுன்ஷிப் பக்கம், அதாவது இனவாத ஆட்சி கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்புகள் பக்கம், போகக் கூடாது.

எங்களை ஆலைக்கு அழைத்துப்போகும் டிரைவர் ஐம்பதை நெருங்கியவர். பக்கத்து ஷார்ப்வில்லைச் சேர்ந்தவர். அந்தப் பக்கத்தில் செசோத்தோ பேசுகிறார்கள். வயதில் மூத்த ஆண்களை ‘ந்தாத்தே’ என்று கூப்பிட வேண்டும். அப்பாவுக்கும் ஐயாவுக்கும் பொதுவான மரியாதைச் சொல் அது. நான் சொல்லும்போது அது ‘தாத்தா’ என்றே வரும். “எனக்கு இன்னும் பேரன் பிறக்கவில்லை, அபூத்தி” என்று சிரிப்பார். அபூத்தி என்றால் தம்பி மாதிரி, அண்ணன் மாதிரி, ஏதோ ஒன்று.

ஷார்ப்வில் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1960 மார்ச் 21 அன்று போலீஸ் சுட்டு 69 பேர் செத்த இடம். பதினொரு நாள் கழித்து ஐ.நா. பாதுகாப்பு சபை தென்னாப்பிரிக்காவைப் பற்றிய தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டனும் பிரான்சும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போய்பதோங் என்ற பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது ந்தாத்தே ஆலையின் பக்கம் கையைக் காட்டி, “க்வாமடாலா ஹாஸ்டல் அங்கேதான் இருந்தது” என்றார். நான் ஏதோ மாணவர் விடுதி என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அங்கே ஹாஸ்டல் என்றால் வேறு. கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த ஆண்களைக் குடும்பம் இல்லாமல் அடைத்துவைத்த தொழிலாளர் குடியிருப்பு. இனவாத ஆட்சிக்காலம் முழுக்க அப்படித்தான். ஒரு கட்டிலும் ஒரு இரும்புப் பெட்டியும்தான் சொந்தம், பெண்டாட்டி பிள்ளைகள் எங்கோ நடாலில். 1990இல் மண்டேலா விடுதலையாகி, கட்சிகளின் மீதான தடை நீங்கிய பிறகு இந்த ஹாஸ்டல்கள் ஒவ்வொன்றாகக் கட்சிக் கோட்டைகளாயின. பெரும்பாலும் ஜூலு தலைவர் புத்தலேசியின் இன்காத்தா கட்சிக்கு. சுற்றியிருந்த டவுன்ஷிப்கள் மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் (ஏ.என்.சி.) பக்கம். நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான்.

1992 ஜூன் 17 ராத்திரி க்வாமடாலாவிலிருந்து கிளம்பிய ஆட்கள் ஈட்டி, கோடாலி, துப்பாக்கியோடு போய்பதோங்குக்குள்ளும் பக்கத்துக் குடிசைப் பகுதிக்குள்ளும் புகுந்தார்கள். 45 பேரைக் கொன்றார்கள். கர்ப்பிணி ஒருத்தி, ஒன்பது மாதக் குழந்தை ஒன்று. செசோத்தோவில் போய்பதோங் என்றால் ஒளிந்துகொள்ளும் இடம் என்று பொருள். இதைச் சொன்னதும் ந்தாத்தேதான். சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

அந்த இரவை வைத்துத்தான், வெளியுலகம் ஒரு நாட்டின் உள்ளே நடக்கும் ரத்தக்களரிக்கு என்னதான் செய்ய முடியும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஈராக், லிபியா என்று பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வெளியுலகம் என்றால் குண்டு போடும் விமானம், இல்லாவிட்டால் ‘ஆழ்ந்த கவலை’ தெரிவிக்கும் அறிக்கை. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

1990க்கும் 1994க்கும் இடையில், அதாவது சிறைக் கதவு திறந்ததற்கும் வாக்குப்பெட்டி வந்ததற்கும் நடுவிலான நான்கே ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் சுமார் 14,000 பேர் அரசியல் வன்முறையில் செத்தார்கள். உலகம் இதைக் ‘கறுப்பர்களுக்குள் கறுப்பர்கள் சண்டை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. தலைநகர் பிரிட்டோரியாவின் வெள்ளையர் அரசுக்கும் அந்த விளக்கம் வசதியாக இருந்தது. பாருங்கள், இவர்களிடமா நாட்டைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்காமல் கேட்கலாமே. ஆனால் 1991 ஜூலையில் ஒரு பத்திரிகை குட்டை உடைத்தது: இன்காத்தாவின் கூட்டங்களுக்குப் பாதுகாப்புப் போலீஸ் ரகசியமாகப் பணம் கொடுத்திருந்தது. ‘மூன்றாவது படை’ என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அரசும் இல்லை, இயக்கங்களும் இல்லை, இருட்டில் ஆயுதம் கொடுத்துத் தூண்டிவிடும் ஒரு கை.

போய்பதோங்குக்கு மூன்று நாள் கழித்து அதிபர் டி கிளார்க் ஆறுதல் சொல்லப் போனார். ஜனங்கள் விரட்டிவிட்டார்கள். அவர் வண்டி போன பிறகு போலீஸ் கூட்டத்தைச் சுட்டது, மறுபடியும் பிணம் விழுந்தது. ஏ.என்.சி. பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறியது. கொடேசா என்ற அந்தப் பேச்சுவார்த்தை மே மாதமே முட்டுச்சந்தில்தான் நின்றது, புதிய அரசியல் சட்டத்தை எத்தனை சதவீத ஆதரவோடு நிறைவேற்றலாம் என்ற கணக்கில். போய்பதோங் அதற்கு மேல் பூட்டுப் போட்டது.

அப்புறம் மண்டேலா செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவர் ஐ.நா.வுக்குப் போனார். 1992 ஜூலை 15 அன்று பாதுகாப்பு சபையில் பேசினார். மறுநாள், தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு தூதரை அனுப்பச் சொல்லும் 765ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஆண்டு சபையில் உறுப்பினராக இருந்த இந்தியாவும் கை தூக்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், நம் ஆட்கள் வருகிறார்கள். மதராஸிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. நடால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் எல்லை வகுத்து 1946இல் ஒரு சட்டம் வந்தது. சுதந்திரம்கூடக் கிடைக்காத இந்தியா அதை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜெனரல் ஸ்மட்ஸ், ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு உழைத்தவர்களில் ஒருவர். அவர் சொன்ன பதில்: இது எங்கள் உள்நாட்டு விவகாரம். சாசனத்திலேயே இருக்கிறது, இரண்டாம் விதி ஏழாம் பிரிவு. டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது, ஸ்மட்ஸ் தோற்றார்.

வீட்டுக்குள்ளே நடப்பதில் நீ யார் தலையிட என்ற அந்த வாதத்தைப் பிரிட்டோரியா அதன் பிறகு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1992இல்தான் பிடி தளர்ந்தது. வெளியாட்கள் வந்து பார்க்கலாம் என்று டி கிளார்க்கின் அரசே ஒத்துக்கொண்டது. வீட்டுக்காரர்கள் இரண்டு தரப்பும் கதவைத் திறந்துவிட்டால் சாசனத்தின் எந்தப் பிரிவும் குறுக்கே நிற்பதில்லை. நான் படித்தவரையில் இந்தக் கதையின் மையம் இதுதான். அதிகாரமில்லாத சாட்சிகளை இரண்டு தரப்பும் சேர்ந்து அழைத்தார்கள்.

ஐ.நா. அனுப்பிய தூதர் சைரஸ் வான்ஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர். பத்து நாள் சுற்றினார், எல்லாத் தரப்பையும் பார்த்தார். ஆகஸ்ட் முதல் வாரம் ஏ.என்.சி.யின் பொது வேலைநிறுத்தம். லட்சக்கணக்கில் ஆட்கள் தெருவுக்கு வருவார்கள் என்று எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. அதைப் பார்க்க அவசரமாகப் பத்துப் பேரை அனுப்பினார்கள். ஒரு தேசத்துக்குப் பத்துப் பேர்! எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக்கே அதைவிடக் கூடுதல் போலீஸ் வருவார்கள். ஆகஸ்ட் 17இல் 772ஆம் தீர்மானம், பார்வையாளர்களைத் தொடர்ந்து அங்கே வைத்திருக்க. ஆரம்பத்தில் 50 பேர். தலைமைக்கு வந்தவர் ஏஞ்சலா கிங் என்ற ஜமைக்காப் பெண்மணி. காமன்வெல்த், ஐரோப்பிய சமூகம், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு ஆகியவையும் தங்கள் குழுக்களை அனுப்பின.

50 பேர், கையில் ஆயுதம் கிடையாது. கைது செய்யவோ விசாரிக்கவோ அதிகாரம் கிடையாது. என்ன செய்தார்கள்?

நின்றார்கள். “வெயிலில் நின்றார்கள்” என்றார் ந்தாத்தே.

அவர் அப்போது இருபத்திரண்டு வயதுப் பையன், உள்ளூர் சமாதானக் குழுவின் கண்காணிப்பாளர். இந்தக் குழுக்கள் ஐ.நா. வருவதற்கு முன்பே இருந்தவை. 1991 செப்டம்பர் 14 அன்று அரசும் ஏ.என்.சி.யும் இன்காத்தாவும் இன்னும் பல கட்சிகளும் சேர்ந்து தேசியச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தேவாலயக்காரர்களும் வியாபாரிகளும் முன்னின்று முடித்த காரியம். ஒப்பந்தம் கையெழுத்தான ஹோட்டலுக்கு வெளியே இன்காத்தா ஆட்கள் ஆயுதத்தோடு நின்றிருந்தார்கள் என்பது வேறு விஷயம். அதன் கீழ் ஊருக்கு ஊர் குழுக்கள், கடைசியில் 200க்கும் மேலே. போலீஸ் அதிகாரி, கட்சிக்காரர், பாதிரியார், கடைக்காரர் எல்லோரும் ஒரே மேசையில். அதற்குக் கீழே, புறா படம் போட்ட மேலங்கியும் கையில் ஒரு வாக்கிடாக்கியுமாக ஆயிரக்கணக்கான தொண்டர்கள்.

ந்தாத்தேயிடம் நான் கேட்டேன்: “ஐ.நா.காரர்கள் வந்து உங்களுக்கு என்ன மாறியது?”

அவர் யோசித்துச் சொன்னார். “நாங்கள் ஏற்கெனவே சாவு ஊர்வலத்தில் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். போலீஸ் எங்களைத் தள்ளிவிட்டுப் போகும். அந்த நீலத் தொப்பிப் பெண் பக்கத்தில் வந்து நின்ற பிறகு, அதே போலீஸ்காரன் ‘குட் மார்னிங்’ சொன்னான். எனக்கு இல்லை, அவளுக்கு. ஆனால் நான் பக்கத்தில் இருந்தேன்.”

அங்கே அரசியல் சவ ஊர்வலம் என்பது தனிப்பட்ட துக்கம் அல்ல. செத்தவர் கட்சிக்காரர், ஊர்வலம் கட்சிக் கூட்டம், பாட்டும் குதியாட்டமும், வழியில் எதிர்க்கட்சி ஹாஸ்டல். சாவுக்குப் போனவர்கள் பலர் சாவாகவே திரும்பியிருக்கிறார்கள். எந்த வழியாக ஊர்வலம் போகும், எத்தனை மணிக்கு, பாதுகாப்பு வண்டிகள் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று முந்தின ராத்திரி வரை மூன்று தரப்பும் மல்லுக்கட்டிப் பேசுவார்களாம். பார்வையாளர் அந்த அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். குறிப்பு நியூயார்க்குக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பொய் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். ந்தாத்தேயின் வார்த்தையில், “வீட்டுக்கு விருந்தாளி வந்தால் புருஷன் பெண்டாட்டி கத்த மாட்டார்கள் இல்லையா, அது மாதிரி.”

விருந்தாளி வந்ததால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 772 நிறைவேறி மூன்றே வாரம்தான் ஆகியிருந்தது, செப்டம்பர் 7 அன்று பிஷோ நகருக்கு வெளியே, சிஸ்கை என்ற பெயரளவுத் தனி நாட்டின் படையினர் ஏ.என்.சி. ஊர்வலத்தைச் சுட்டார்கள். ஊர்வலத்தினர் 28 பேரும் ஒரு சிப்பாயும் செத்தார்கள். வேலியில் இருந்த திறப்பு வழியாக ஒரு பகுதியினர் ஓடியபோது நடந்தது. அதில் ஏ.என்.சி. தலைவர்களின் அவசரப் புத்திக்கும் பங்கு உண்டு, அதை அவர்களே பிறகு பேசியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் தேதி அறிவித்ததும் வன்முறை கூடியது. 1993 ஜூலையில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பகுதி ஜோகன்னஸ்பர்க்கின் கிழக்கேயுள்ள டவுன்ஷிப்களிலும் நடாலிலும். பார்வையாளர்கள் இருந்தபோதுதான் இத்தனையும்.

அவர்கள் இல்லாவிட்டால் எவ்வளவு என்று கேட்டால் யாராலும் கணக்குக் காட்ட முடியாது. பாலம் இடிந்தால் செய்தி, இடியாமல் நின்றால் யார் எழுதுவார்கள்? ஆனால் ஒரு நாளைச் சுட்டிக்காட்ட முடியும். 1993 ஏப்ரல் 10, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, ஏ.என்.சி. தலைவர்களில் ஒருவரான கிறிஸ் ஹானியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். இளைஞர்களிடம் மண்டேலாவுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். கொன்றவன் போலந்திலிருந்து குடியேறிய வெள்ளையன். அவன் காரின் எண்ணைக் கவனித்துப் போலீசுக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஆஃப்ரிக்கானர் பெண். அன்று நாடு பற்றி எரிந்திருக்கலாம், உண்மையில் சில இடங்களில் எரியவும் செய்தது. டி.வி.யில் தோன்றி நாட்டை அமைதிப்படுத்தியவர் அதிபர் இல்லை, மண்டேலா. கொன்ற வெள்ளையனையும் காட்டிக்கொடுத்த வெள்ளைக்காரியையும் ஒரே பேச்சில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசினார். ந்தாத்தே அந்த வாரம் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் தூங்கினாராம். ஏப்ரல் 19 இறுதிச் சடங்கு வரை அந்த மேலங்கியைக் கழற்றவே இல்லை. நாட்டைத் தாங்கிப்பிடித்தது உள்ளூர்க்காரர்கள்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நீலத் தொப்பிகள் கூட நின்றன.

விசாரணை என்ற இன்னொரு பக்கமும் இருந்தது. நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் தலைமையில் உள்நாட்டு ஆணையம் ஒன்று. போய்பதோங்கில் போலீஸ் விசாரணை எப்படி நடந்தது என்று பார்க்க பிரிட்டனிலிருந்து வாடிங்டன் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். விசாரணை படு மோசம் என்றார், ஆனால் போலீசுக்கு நேரடித் தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அந்த இரவின் போலீஸ் ரேடியோ பதிவு அழிந்துபோயிருந்தது. 1992 நவம்பரில் அதே ஆணையம் ராணுவ உளவுப் பிரிவின் ரகசிய அலுவலகம் ஒன்றில் சோதனை போட்டது. 1994 மார்ச்சில், போலீஸ் உயரதிகாரிகளே வன்முறைக்கு ஆயுதம் கொடுத்ததாக அறிக்கை வெளியிட்டது. வெளியுலகின் கண் மேலே இல்லாவிட்டால் ஓர் உள்நாட்டு நீதிபதிக்கு இத்தனை தைரியம் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

கடைசி ஒரு மாதம் சினிமா மாதிரி. இன்காத்தா தேர்தலைப் புறக்கணித்திருந்தது. மார்ச் 28 அன்று ஜோகன்னஸ்பர்க் நடுவே அவர்கள் நடத்திய ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு. ஏ.என்.சி. தலைமையகத்தின் காவலர்களே சுட்டார்கள். நடாலில் நெருக்கடி நிலை. அவசரமாக உருவாக்கிய தேசிய அமைதிப் படைக்குக் காமன்வெல்த் நாட்டு அதிகாரிகள் பயிற்சியில் உதவினார்கள். அந்தப் படை தோக்கோஸா டவுன்ஷிப்பில் கண்மண் தெரியாமல் சுட்டு ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் பலியானதோடு அதன் மானம் கப்பலேறியது. மத்தியஸ்தம் செய்ய அமெரிக்காவின் கிஸ்ஸிங்கரும் பிரிட்டனின் கேரிங்டன் பிரபுவும் வந்து இறங்கினார்கள். எதைப் பேசுவது என்பதிலேயே உடன்பாடு வராமல், பேச ஆரம்பிக்காமலேயே ஊர் திரும்பினார்கள். கூட வந்த கென்யப் பேராசிரியர் வாஷிங்டன் ஒகுமு மட்டும் தங்கிவிட்டார். புத்தலேசியைப் பிடிக்க லான்சேரியா விமான நிலையத்துக்கு ஓடினார். விமானம் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. ஏதோ கோளாறு என்று அது திரும்பி வந்து இறங்க, இருவரும் பேசினார்கள். கடவுள்தான் திருப்பி அனுப்பினார் என்பது புத்தலேசியின் வாதம். ஏப்ரல் 19 அன்று உடன்பாடு கையெழுத்தானது. தேர்தலுக்கு ஒரு வாரம். வாக்குச்சீட்டுகள் பிரிட்டனில் அச்சாகி வந்துவிட்டன. என்ன செய்வது? கோடிக்கணக்கான சீட்டுகளின் அடியில் இன்காத்தாவின் பெயரையும் புத்தலேசி படத்தையும் ஸ்டிக்கராக ஒட்டினார்கள்!

தேர்தல் நாட்களில் ஐ.நா. பார்வையாளர்கள் மட்டும் ஏறத்தாழ 2,000 பேர். நம் பேப்பர்களில் வந்த, மேலிருந்து எடுத்த அந்த நீண்ட வரிசைப் படம் நினைவிருக்கிறதா? பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். பள்ளிக்கூடத்தில் அதை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

அதே ஏப்ரல் மாதம் ருவாண்டாவில் படுகொலை நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 21 அன்று, இதே பாதுகாப்பு சபை அங்கிருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. ஒரே கண்டம், ஒரே மேசை, ஒரே வாரம். உலகத்தின் கேமராக்களும் நிருபர்களும் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் வெற்றியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இந்தத் தேதி தொண்டையில் முள்ளாக நிற்கும். 50 வெறுங்கைகள் போதும் என்று ருவாண்டாவில் யாரும் சொல்ல முடியாது. அங்கே கொல்பவர்களே அரசாங்கம், விருந்தாளிக்கு முன்னால் கூச்சப்பட ஆள் இல்லை. பெல்ஜியச் சிப்பாய்கள் பத்துப் பேரையே கொன்றுபோட்டார்கள். சாட்சியைப் பார்த்துத் தயங்குபவன், நாளைக்கும் அந்த ஊரில் முகம் காட்ட வேண்டும் என்று நினைப்பவன். தென்னாப்பிரிக்காவில் எல்லாத் தரப்புக்கும் அந்த நினைப்பு இருந்தது.

ஊர் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, ந்தாத்தே என்னைப் போய்பதோங்குக்கு அழைத்துப்போனார். தீப்பெட்டி அடுக்கியது போல ஒரே அளவில் சின்னச் சின்ன வீடுகள். வாசலில் தக்காளியும் சிப்ஸும் விற்கும் பெண்கள். நினைவிடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. பெயர்களை அவர் விரலால் தொட்டுக்கொண்டே போனார், இரண்டு இடத்தில் நின்றார். நான் கேட்கவில்லை.

நான் கேட்டது வேறு: அன்று தாக்கியவர்களோடு போலீசும் சேர்ந்து வந்ததா இல்லையா? முகத்தில் கறுப்புப் பூசிய வெள்ளையர்களைப் பார்த்ததாக அன்றே சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1998இல், இனவாத ஆட்சிக்காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் போலீசுக்குப் பங்கு உண்டு என்று எழுதியது. 2000இல் அதே ஆணையத்தின் மன்னிப்புக் குழு, கொலை செய்த இன்காத்தா ஆட்களுக்கு மன்னிப்புக் கொடுத்து, போலீஸ் பங்கு நிரூபணமாகவில்லை என்று எழுதியது. இரண்டும் அதிகாரபூர்வம்தான்.

“பார்வையாளர்கள் என்ன சொன்னார்கள்?”

“அவர்கள் அப்போது வரவே இல்லையே” என்றார். “பிறகு வந்தவர்களும் பகலில்தான் வருவார்கள். நல்லவர்கள். வெள்ளை வண்டி, காலையில் வரும். இருட்டுவதற்கு முன்னால் ஹோட்டலுக்குத் திரும்பிவிட வேண்டும், அது அவர்கள் விதி. வண்டி திரும்பும்போது நாங்கள் கை காட்டுவோம். அப்புறம் வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.”

மணியைப் பார்த்தார். ஐந்தே கால். உருக்காலைப் புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிடும்.

“சரி அபூத்தி, கிளம்பலாம். உங்கள் கம்பெனி என்னைத் திட்டும்” என்று சாவியைத் தேடினார். தெருமுனையில் தக்காளி விற்ற பெண் எங்கள் வண்டியைப் பார்த்துக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.